கறுப்பு உருண்டையில் என்ன இருக்கிறது?

வாசகர் கேள்வி – பதில்

சீனப் புத்தாண்டு முடிந்த கையோடு எனக்குக் கடிதங்கள் குவியும். திறந்த இல்ல உபசரிப்பில் ஒரு கை பார்த்தவர்கள் எல்லாம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுதுவார்கள். இந்த முறையும் அதே கதைதான். பக்கத்து வீட்டுச் சீனர் கொடுத்த உருண்டை, சின்சே என்ற சீன வைத்தியர் கட்டித் தந்த பொட்டலம், மகள் வாங்கி வந்த தேநீர் என்று பாதிக் கடிதங்கள் சீன வயிற்று மருந்துகளைப் பற்றியே இருப்பதால் இந்த இதழை அதற்கே ஒதுக்கிவிட்டேன்.

புதிதாகப் படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. நான் சின்சே இல்லை, டாக்டரும் இல்லை. 1970-ல், 14 வயதில், ஈப்போவில் ஒரு சீன மருந்துக் கடையில் எடுபிடியாகச் சேர்ந்து ஒன்பது வருஷம் இழுப்பறைகளைத் திறந்து மூடியவன். அப்புறம் அரசு மருத்துவமனை மருந்தகத்தில் 32 வருஷம். இரண்டு பக்கமும் வேலை பார்த்ததால் இரண்டு பக்கத்தாருக்கும் என் மேல் கொஞ்சம் சந்தேகம் உண்டு.

கேள்வி: விருந்தில் வாத்துக்கறியை அளவில்லாமல் சாப்பிட்டுவிட்டு என் கணவருக்கு இரண்டு நாளாக வயிறு கல் மாதிரி இருக்கிறது. புளித்த ஏப்பம் வேறு. பக்கத்து வீட்டு அம்மா ‘பாவ் ஹெ வான்’ என்று ஒரு குப்பி கொடுத்தார். மிளகைவிடச் சின்னக் கறுப்பு உருண்டைகள்; வேளைக்கு எட்டு விழுங்கச் சொன்னார். இதில் என்ன இருக்கிறது? நானும் சாப்பிடலாமா? நான் சைவம். ஐந்து மாதக் குழந்தைக்குப் பால் கொடுக்கிறேன். – தைப்பிங் வாசகி

கணவருக்குப் பக்கத்து வீட்டு அம்மா சரியான மருந்தைத்தான் கொடுத்திருக்கிறார். 14-ஆம் நூற்றாண்டில் சூ டான்சி என்ற வைத்தியர் எழுதி வைத்த மருந்து அது. அளவுக்கு மீறிச் சாப்பிட்டது செரிக்காமல் கிடக்கிறதே, அதற்கென்றே சேர்த்தது. உள்ளே இருப்பவற்றில் பாதி உங்களுக்குத் தெரிந்த சாமான்தான். முள்ளங்கி விதை, பல வருஷம் காயவைத்த ஆரஞ்சுத் தோல், ஃபூலிங் என்ற பைன் மர வேர்க் காளான், மாவைப் பச்சிலைச் சாற்றோடு பிசைந்து புளிக்கவைத்துக் காயப்போட்ட ஷென்சூ, இன்னும் இரண்டு மூன்று. எல்லாவற்றையும்விட அதிகம் சேர்வது ஷான்ஜா. அது புளிப்பான ஒரு சிவப்புப் பழம். நம் பிள்ளைகள் காகிதத்தில் நாணயம் போல் அடுக்கிச் சுருட்டி வரும் சிவப்பு வட்டத் தட்டை வாங்கித் தின்கிறார்களே, அதே பழம்தான், சர்க்கரை சேர்த்தது. கசப்பு மருந்து குடித்த பிள்ளைக்கு இரண்டு தட்டு கொடுப்பது சீனர் வீட்டு வழக்கம்.

மருந்துக்கு அந்தப் பழத்தைக் கருக்கிப் போடுவார்கள். எங்கள் கடையில் அந்த வேலை என்னுடையது. கொல்லைப்புறத்தில் பெரிய இரும்புக் குவாலியைச் சூடாக்கி, காய்ந்த பழத் துண்டுகளைக் கொட்டி, கை ஓயாமல் கிளற வேண்டும். வெல்லப் பாகு அடிப்பிடித்த வாசம் வரும். அந்த வாசம் வந்ததும் இறக்கிவிட வேண்டும். மேலே கருகியிருக்க வேண்டும், உடைத்துப் பார்த்தால் உள்ளே பழுப்பாக இருக்க வேண்டும். உள்ளும் கரியானால் எங்கள் முதலாளி தவுக்கே ஒன்றும் பேசமாட்டார். அத்தனையையும் என் முன்னாலேயே குப்பையில் கொட்டி, அதன் விலையைக் கணக்கு மணியில் ஒரு தட்டுத் தட்டிக் காட்டுவார். அதற்கு அடியே மேல்.

உங்களுக்கு இது வேண்டாம். காரணம் சைவம் இல்லை; சரக்கெல்லாம் செடிகொடிதான். இப்போது விற்கும் பாவ் ஹெ வான் பலவற்றில் மாய்யாவும் சேர்கிறது. மாய்யா என்றால் முளைகட்டிக் காயவைத்த பார்லி. பால் மறக்கடிக்க விரும்பும் தாய்மார்களுக்குச் சீன வைத்தியத்தில் கொடுப்பதே வறுத்த மாய்யாவைத்தான். அதற்குக் கொடுக்கும் அளவு இதைவிடப் பல மடங்கு அதிகம் என்றாலும், ஏப்பத்துக்காக அந்த வம்பு எதற்கு? கணவர் இரண்டு மூன்று நாள் சாப்பிட்டால் போதும். அதற்கு மேலும் கல் கரையவில்லை என்றால் அது வாத்து இல்லை, வேறு ஏதோ. கிளினிக்குக்குப் போகட்டும். குப்பியில் MAL என்று தொடங்கி எட்டு எண்ணும் கடைசியில் T எழுத்தும் கொண்ட மலேசியப் பதிவு எண் இருக்கிறதா, ஹோலோகிராம் வில்லை ஒட்டியிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் அதைத் தொடாதீர்கள்.

கேள்வி: ஏழு மாதமாக ராத்திரி ஒரு சீன ‘ஸ்லிம்மிங் டீ’ குடிக்கிறேன். முதல் மாதம் மூன்று கிலோ குறைந்தது. இப்போது எடையும் குறையவில்லை, அதைக் குடிக்காவிட்டால் மூன்று நாளானாலும் மலம் போகவில்லை. காலில் அடிக்கடி சதை பிடித்துக்கொள்கிறது. மூலிகைதானே, ஏன் இப்படி? – சுங்கைப்பட்டாணி வாசகி

பெட்டியைத் திருப்பி, பொடி எழுத்தில் என்ன போட்டிருக்கிறது என்று பாருங்கள். ஃபான் சியே யே என்றோ சென்னா என்றோ இருக்கும். ஃபான் சியே யே என்றால் ‘அந்நிய தேசத்துப் பேதி இலை’ என்று அர்த்தம். அந்த அந்நிய தேசம் எது தெரியுமா? நம்ம ஊர்தான் அம்மா. அது நிலாவாரை! உலகச் சந்தையில் அதற்கு இன்றைக்கும் திருநெல்வேலி சென்னா என்றுதான் பெயர். பாட்டி மாதம் ஒரு தடவை பேதிக்குக் கொடுத்ததை நீங்கள் ஏழு மாதமாகத் தினமும் குடித்திருக்கிறீர்கள்.

குறைந்த மூன்று கிலோவில் பெரும்பகுதி தண்ணீர். நிலாவாரை பெருங்குடலைக் கிளப்பிவிட்டு வேலை செய்கிறது. சாப்பாட்டின் சத்து அதற்கு முன்பே சிறுகுடலில் ஏறிவிடும். ஆகவே கொழுப்பு அங்கேயே இருக்கும், நீரும் உப்புகளும்தான் போகும். பொட்டாசியம் குறைந்தால் சதை பிடிக்கும், அசதி வரும், ரொம்பக் குறைந்தால் இதயத் துடிப்பே தடுமாறும். இந்த வாரமே கிளினிக்கில் ரத்தத்தில் பொட்டாசியம் பார்க்கச் சொல்லுங்கள், தேநீர்ப் பெட்டியையும் கையோடு கொண்டு போங்கள். எப்படி விடுவது என்று அவர்கள் சொல்வார்கள். தண்ணீர், கீரை, பப்பாளி, காலையில் நேரத்துக்கு உட்காரும் பழக்கம் எல்லாம் சேர்ந்து குடலை வழிக்குக் கொண்டுவரக் கொஞ்ச நாள் பிடிக்கும்.

பேதி மருந்து என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. சீனாவின் சொந்தப் பேதி மருந்து தா ஹுவாங் என்ற மஞ்சள் வேர். ஆங்கிலேயர் ருபார்ப் என்பது. 1839-ல் அபின் வியாபாரத்தை நிறுத்தச் சொல்லி லின் ஸெஷு என்ற அதிகாரி விக்டோரியா மகாராணிக்கு எழுதிய கடிதத்தில், தேயிலையும் ருபார்பும் இல்லாமல் அந்நியர்களால் ஒரு நாளும் தாக்குப்பிடிக்க முடியாது என்ற தோரணையில் எழுதியிருந்தார். வெள்ளைக்காரனுக்கு மலச்சிக்கல் வந்தால் சண்டைக்கு வரமாட்டான் என்று கணக்குப் போட்டார் போலும். கணக்குத் தப்பிவிட்டது.

கேள்வி: அப்பாவுக்கு 74 வயது. இதய வால்வு மாற்றி, ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறார். பசியே இல்லை என்பதால் அம்மா கோழி சூப்பில் ‘டாங்ஷென்’ வேர் போட்டுக் கொடுக்கிறார். ஆபத்தா? – சிங்கப்பூர் வாசகர்

டாங்ஷெனா, டான்ஷெனா? இதுதான் முதல் கேள்வி. காதுக்கு இரண்டும் ஒன்று போலத்தான் கேட்கும். டாங்ஷென் பசிக்கும் களைப்புக்கும் போடுவது. ஜின்செங் வாங்கக் காசில்லாதவர்களின் ஜின்செங் என்பார் எங்கள் தவுக்கே. டான்ஷென் ரத்த ஓட்டத்துக்குக் கொடுப்பது. வார்ஃபரினோடு டான்ஷென் சேர்ந்தால் ரத்தம் உறையாமல் கசிவு வரை போகலாம். இது மருத்துவ ஏடுகளில் பதிவான விஷயம். சூப்பில் வழக்கமாகச் சேரும் டாங்குய் வேரும் அப்படித்தான்.

வேரைக் கையில் எடுத்துப் பாருங்கள். டாங்ஷென் வெளிர் மஞ்சள் கலந்த பழுப்பு, சுருங்கின நீள வேர், மென்றால் இனிக்கும். டான்ஷென் செங்கல் சிவப்பு. டாங்ஷென்தான் என்று உறுதியானாலும், வாரம் மாறி வாரம் சூப்பில் புதுப்புது வேர் போடுவதை நிறுத்திவிட்டு, ரத்தம் உறையும் வேகத்தை அளக்கும் ஐ.என்.ஆர். சோதனை பார்க்கும் கிளினிக்கில் அம்மாவே நேரில் சொல்லட்டும். ‘சூப்புதானே’ என்று சொல்லாமல் விடுவதில்தான் எல்லாக் கோளாறும் வருகிறது. சூப்பும் கஷாயம்தான், கோழி மிதக்கும் கஷாயம்.

கேள்வி: விக்கலுக்குச் சீன மருந்தில் ஏதாவது உண்டா? – பந்திங் வாசகர்

உண்டு. சீமைப் பனிச்சை என்று சிலர் சொல்லும் பெர்சிமன் பழத்தின் காம்படி மொட்டுத் தொப்பியைக் கிராம்போடும் இஞ்சியோடும் கொதிக்கவைத்துக் குடிப்பார்கள். கடையில் ஒருவருக்கு அது கொதித்து இறங்குவதற்குள் விக்கல் நின்றுவிட்டது. காசைக் கொடுத்துவிட்டுக் குடிக்காமலே போனார். இரண்டு நாளுக்கு மேல் நிற்காத விக்கல் என்றால் ஆஸ்பத்திரி.

கேள்வி: காரைக்குடியில் இருக்கிறேன். என் தாத்தா பினாங்கில் கடை வைத்திருந்தவர். சீன மருந்துப் பட்டியலில் சுக்கு, ஜாதிக்காய், கிராம்பு, பாக்கு எல்லாம் இருக்கிறதே, அது நம் நாட்டு மருந்துதானா? – ஆச்சி ஒருவர்

ஆச்சி, சரக்கு ஒன்று, சேர்க்கும் கணக்கு வேறு. நீங்கள் குழந்தைக்குப் பேதி என்றால் ஜாதிக்காயைக் கல்லில் இழைப்பீர்கள். அவர்கள் அதை ஈர மாவில் பொதிந்து சுட்டு, எண்ணெய் இறங்கியபின் தட்டிப் போடுவார்கள். பாக்கை நாம் தாம்பூலத்தில் வைக்கிறோம்; அவர்கள் சீவல் சீவலாக நறுக்கி வயிற்றுப் பொருமலுக்கும் பூச்சிக்கும் கொதிக்கவைக்கிறார்கள். பாக்கைச் சீவுவதும் என் வேலைதான். ஊறவைத்த பாக்கைக் காகிதம் போல, சிவப்பும் வெள்ளையுமாய்க் கோலம் தெரியச் சீவ எனக்கு ஒன்றரை வருஷம் ஆனது, இடது கட்டை விரலில் இன்னமும் தழும்பு உண்டு.

நீங்கள் கேட்காத ஒன்றைச் சொல்கிறேன்: கோஷ்டம். நாட்டு மருந்துக் கடையில் வாசனையான வேராகக் கிடைக்குமே, அது. காஷ்மீர்ப் பக்கத்து இமயமலைச் சரக்கு. வயிற்று வாயுவுக்குச் சீனர்கள் அதைத்தான் மு சியாங் என்கிறார்கள். கப்பலில் குவாங்சோ வழியாக வந்ததால் குவாங் மு சியாங் என்று பெயர். பிற்பாடு யூனான் மாநிலத்தில் பயிரிட்டபின் யூன் மு சியாங்.

இங்கேதான் ஒரு கண்ணி. சிங் மு சியாங் என்று இன்னொரு வேர் உண்டு. பெயரில்தான் உறவு, செடி வேறு. அது நம் ஈசுவரமூலி, ஆடுதீண்டாப்பாளை இரண்டின் இனம். அந்த இனத்தில் சிறுநீரகத்தைக் கெடுக்கும், புற்றுநோயும் உண்டாக்கும் ஓர் அமிலம் இருக்கிறது. 1990-களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில் உடல் இளைக்கக் கொடுத்த மாத்திரையில் ஃபாங் ஜி என்ற வேருக்குப் பதிலாக, பெயரில் ஒத்துப்போன இதே இனத்து வேர் ஒன்று கலந்துவிட்டது. நூற்றுக்கும் மேற்பட்ட பெண்களுக்குச் சிறுநீரகம் பழுதானது. 2004-ல் சீன அரசே சிங் மு சியாங்கை மருந்துப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. எங்கள் கடையில் இரண்டு மு சியாங்கும் அடுத்தடுத்த இழுப்பறையில் இருந்தன. இந்தச் செய்தியெல்லாம் பின்னாளில் மருந்தகத்தில் உட்கார்ந்து படித்தபோது, அந்த இரண்டு இழுப்பறைகளும்தான் எனக்கு முதலில் கண்ணில் வந்தன. எத்தனை முறை அவசரத்தில் இழுத்திருப்பேன்!

கேள்வி: நெஞ்செரிச்சலுக்கு ஒரு சின்சே வெள்ளைத் தூள் கொடுத்தார். கணவாய் ஓடு என்றார். இரண்டு மாதமாக நன்றாகக் கேட்டது. நான்கு நாளாக மலம் தார் மாதிரி கறுப்பாகப் போகிறது, தலை சுற்றுகிறது. தூளை அதிகமாக்கலாமா? – கிள்ளான் வாசகர்

உங்கள் கடிதம் வந்த அன்றே தொலைபேசியில் கூப்பிட்டுச் சொல்லிவிட்டேன், நீங்களும் ஆஸ்பத்திரியில் சேர்ந்துவிட்டீர்கள். மற்றவர்களுக்காக அச்சிடுகிறேன். கணவாய் ஓடு, நம் சித்த மருந்துக் கடையில் கடல்நுரை. பெரும்பாலும் சுண்ணாம்புச் சத்து. அமிலத்தை அடக்கும், அதனால் எரிச்சல் நிற்கும். புண் இருந்தால் அது உள்ளே அப்படியே இருக்கும். தார் போன்ற மலமும் தலைசுற்றலும் சேர்ந்தால் வயிற்றில் ரத்தம் கசிகிறது என்று பொருள். அன்று ராத்திரியே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். இரைப்பைப் புண் பலவற்றுக்குக் காரணம் ஒரு கிருமி. அதைக் கண்டுபிடித்த இரண்டு ஆஸ்திரேலியர்களுக்கு 2005-ல் நோபல் பரிசு கிடைத்தது. கிருமிக்கு ஆன்டிபயாடிக்தான்.

கேள்வி: குவாங்சோவுக்குச் சரக்கெடுக்கப் போனபோது வாந்தி, பேதி. விடுதிக்காரர் பத்து மில்லிக் குப்பி ஒன்று கொடுத்தார், ‘ஹுவோ சியாங் ஜெங் சி’. நின்றுவிட்டது, ஆனால் தொண்டை எரிந்தது. அதில் மது கலந்திருக்கிறதா? நாங்கள் முஸ்லிம்கள். – பினாங்கு வாசகர்

பாய், மருந்தின் பெயர் ‘ஷுவெய்’ என்று முடிந்தால் கலந்திருக்கிறது, பாதிக்குப் பாதி வரைகூட. அதே மருந்து ‘கோ ஃபூ யே’ என்ற பெயரிலும் உருண்டையாகவும் மது இல்லாமல் கிடைக்கிறது. அடுத்த முறை அதைக் கேளுங்கள். ஷுவெய் குடித்துவிட்டு வண்டி ஓட்டுவதும் கூடாது. மெட்ரோனிடசோல், சில செஃபலோஸ்போரின் வகை ஆன்டிபயாடிக் சாப்பிடும்போது குடித்தால் முகம் சிவந்து நெஞ்சு படபடத்து ஆளையே சாய்த்துவிடும். கோடை வெயிலில் வரும் வாந்தி பேதிக்குச் சோங் அரசர் காலத்து மருந்து நூலிலிருந்து வந்தது இது. பெயரிலுள்ள ஹுவோ சியாங் ஒரு வாசனை இலை. தென்சீனாவில் அதற்குப் பயன்படுவது பச்சோலி. பச்சோலி என்ற பெயரே தமிழிலிருந்து போனதாக ஆங்கில அகராதிகள் சொல்கின்றன. நீங்கள் விற்கும் அத்தரிலும் இருக்குமே!

கேள்வி: பிறந்த குழந்தைக்குச் சீன எண்ணெய் தடவலாமா? ஹுவாங் லியன் வேர்க் கஷாயத்தில் குளிப்பாட்டினால் மஞ்சள் காமாலை வராது என்கிறாரே பக்கத்து வீட்டுப் பாட்டி? – செராஸ் வாசகி

குழந்தை பிறந்ததும், ரத்தச் சிவப்பணுக்களைக் காக்கும் ஜி6பிடி என்ற நொதி போதுமான அளவு இருக்கிறதா என்று சோதனை செய்து அட்டையில் எழுதியிருப்பார்கள். குறைபாடு என்று இருந்தால் கற்பூரம் உள்ள எந்த எண்ணெயும் வேண்டாம், ஹுவாங் லியன் வேண்டவே வேண்டாம். பாட்டி மஞ்சள் வராது என்கிறார். மஞ்சளை அதிகமாக்கும் என்ற பயத்தில்தான் 1978-ல் சிங்கப்பூர் அதைத் தடை செய்தது. 2013-ல்தான் நிபந்தனைகளோடு தளர்த்தினார்கள். சோதனையில் ஒன்றும் இல்லையென்றாலும், பச்சைக் குழந்தை வயிற்றுக்கு உங்கள் உள்ளங்கைச் சூடு போதும். ஹுவாங் லியன் அப்படி ஒரு கசப்பு. ஊமை அதைத் தின்றால் கசப்பைச் சொல்லவும் முடியாது என்று சீனத்தில் பழமொழி உண்டு. குழந்தையும் ஊமைதானே.

கேள்வி: ஊருக்கெல்லாம் சொல்கிறீர்களே, உங்களுக்கு வயிறு சரியில்லை என்றால் என்ன சாப்பிடுவீர்கள்? – ஈப்போ வாசகர்

கஞ்சி. இரண்டு இஞ்சிச் சில்லு, சென்பீ என்கிற அந்தப் பழைய ஆரஞ்சுத் தோலில் ஒரு துண்டு. சென்பீ குறைந்தது மூன்று வருஷம் ஆறியிருக்க வேண்டும். வருஷம் கூடக்கூட விலை கூடும். குவாங்டோங் மாநிலத்துச் சின்ஹுய் தோலுக்குத்தான் மதிப்பு. 1979-ல் நான் கடையை விட்டு நின்ற அன்று தவுக்கே ஒரு பிஸ்கட் தகர டப்பா நிறைய அதைக் கொடுத்தார். சம்பளப் பாக்கிக்குப் பதிலா, அன்பளிப்பா என்று அன்றும் சொல்லவில்லை. வருஷத்துக்கு ஒரு துண்டு, இரண்டு துண்டு என்று காப்பாற்றி வந்தேன்.

போன தீபாவளிக்கு வீடு சுத்தம் செய்த என் மனைவி, ‘யாரோ தின்றுவிட்டுப் போட்ட தோலை டப்பாவில் மூடி வைத்திருக்கிறீர்களே’ என்று செம்பருத்தித் தொட்டியில் கொட்டிவிட்டார். ராத்திரி டார்ச் அடித்துப் பொறுக்கியதில் பதினோரு துண்டு தேறின. மண்ணைத் துடைத்துக் காயவைத்திருக்கிறேன். செம்பருத்தி இப்போது வழக்கத்தைவிட நன்றாகப் பூக்கிறது என்கிறார் அவர்.